காலையில் அடித்த காற்று

காற்றைப் பிடித்துப் பெட்டிக்குள் வைக்க முடியுமா? போன வாரம் ஆலந்தலைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது.

நண்பர் டேனியல் நாசரேத்துக்காரர், சயன்ஸ் வாத்தியார். மின்சாரக் கம்பி இன்னும் எட்டிப் பார்க்காத அந்தக் குப்பத்தில், பனங்கம்பத்தின் உச்சியில் மரக் காற்றாடி ஒன்றை நிறுத்தி, பழைய லாரி டைனமோவைப் பூட்டியிருக்கிறார். காற்றாடி சுற்றினால் கீழே பாட்டரியில் கரண்ட் சேரும். அதில் ஒரு பல்பு, ஒரு ரேடியோ, கூடவே ஒலிபெருக்கி.

நான் போன அன்று மத்தியானமே காற்று செத்துவிட்டது. கடல் கண்ணாடி. ஒலிபெருக்கியில் இலங்கை ரேடியோ கடல்வரை பாடிக்கொண்டிருந்தது... மணலில் சாய்ந்தபடி கேட்டேன். கண் சொக்கியது.

பொழுது சாய்ந்தபோதுதான் கவனித்தேன் — பெண்கள் யாரும் பாட்டைக் கேட்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பாய் விரித்துப் போன மூன்று வல்லங்கள் திரும்பவில்லை. காற்றில்லாவிட்டால் துடுப்புப் போட்டுத்தான் வர வேண்டும். நிலா இல்லாத நாள். கரைக்கு முன்னால் பாறை வேறு.

டேனியல் கம்பத்துப் பல்பைப் போட்டார். மங்கலாக எரிந்தது.

"ரெண்டு நாளா காத்து சரியில்ல. சார்ஜ் கம்மி. ரேடியோவும் ஓடுனா வெளக்கு தாங்காது..."

அவர் முடிக்கவில்லை. ரோஸ்மேரி எழுந்து வந்தாள். அவள் புருஷன் சூசை ஒரு வல்லத்தில் இருந்தான்.

"பாட்ட நிறுத்துங்க சார். வெளக்கு எரியட்டும்."

நிறுத்தினார். அலைச் சத்தம் மட்டும். பல்பைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"காலம்பற அடிச்ச காத்தா சார் இங்கன எரியுது?"

"ஆமாம்மா."

"அப்ப அவுகளத் தள்ளிக்கிட்டுப் போன காத்துதான். அதுவே கூட்டிட்டு வரட்டும்."

காற்று இல்லாத நேரத்தில்தானே சேர்த்து வைத்த காற்று வேண்டியிருக்கிறது!

நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம்... குரல்கள்... மூன்று வல்லமும் வெளிச்சத்தைப் பார்த்து வந்து, பாறையை விலக்கி, மணலில் ஏறின.

சூசை இறங்கியதும் கேட்டான்:

"ஏளா, பாட்டு ஏன் நின்னுது? ஊருல ஏதும் துட்டியோ, யாரும் செத்துட்டாகளோன்னு பதறிப்போயி வாரேன்!"

ரோஸ்மேரி அவன் தோளிலிருந்த பாயை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பல்பு சிவந்து, சுருங்கி, அணைந்தது.

"இனி காத்து வந்தாத்தான்..." என்றார் டேனியல், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அங்கே யாருக்கும் அப்போது வெளிச்சம் தேவைப்படவில்லை!