இரண்டாவது குரல் தேவையில்லை

எங்கள் முதல் ஆல்பத்தில் ஆறு பாட்டு. மெட்டு, லேப்டாப்பில் இசைக்கோப்பு, இரண்டாவது குரல் ஆகியவை என்னுடையவை. வரிகளும் முதல் குரலும் அவளுடையவை. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சங்கரன்கோவிலில் எங்களுக்கு அடுத்த தெரு. நல்ல மைக் வாங்கிவிட்டோம், ஆனால் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தை அடைக்க வழியில்லை. கரண்ட் போய்த் தறி நின்றதும் அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள்; லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்வோம். ஊரே மின்வாரியத்தைத் திட்டும்போது நாங்கள் பாடிக்கொண்டிருப்போம்.

எங்கள் யூடியூப் சேனலில் வெளியிட்ட வாரமே அபிப்பிராயங்கள் வந்தன. எதையும் வகை பிரித்தால்தான் எனக்கு மனம் நிற்கும். சட்டென்று ஒட்டிக்கொள்கிறது என்பவர்கள் ஒரு வகை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி என்பவர்கள் இன்னொரு வகை. மீதிப் பேர் அவள் குரலுக்கு உருகியவர்கள்.

கரிவலம்வந்தநல்லூர் ஆட்டோக்கார அண்ணாச்சி முதல் வகை. “குளிக்கப் போனாலும் அதுதான் வாய்ல வருது மக்கா. சொறி கணக்கா ஒட்டிக்கிட்டு!” அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அம்மா மூன்றாவது வகை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அந்தப் பிள்ள நல்லாப் பாடுதா. நீ எங்கனட்டி பாடுத?” என்று கேட்டாள்.

பேக்கரிக்காரர் எங்களைப் பார்த்ததும், “நம்ம ஊர்ச் சாமி கணக்கா பாதிப்பாதியோ? யாரு சிவன், யாரு பெருமாளு?” என்றார்.

“ரெண்டும் நாந்தான் அண்ணாச்சி. இவ மேளம்” என்றாள் அவள். நானும் சிரித்தேன். அடுத்த ஆல்பத்துக்கு மெட்டுப் போட ஆரம்பித்திருந்தேன். எல்லாம் இரண்டு குரலுக்கு.

அப்போதுதான் அந்தக் கமெண்ட்டைப் பார்த்தேன். முதல் குரல் அருமை, இரண்டாவது குரல் தேவையில்லை, அது வரும்போதெல்லாம் பாட்டு இறங்கிவிடுகிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதன் கீழே சிவப்பு இதயம். லைக் யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த இதயத்தைச் சேனல் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் போட முடியும். பாஸ்வேர்டு எங்கள் இருவரிடம்தான் இருந்தது. நான் போடவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன்.

“நல்ல கமெண்ட்டுக்கெல்லாம் வரிசையாப் போட்டுக்கிட்டு வந்தேன். முழுசா யாரு வாசிக்கா?” என்றாள்.

“ரெண்டே வரிட்டி.”

“சரி, எடுத்துருதேன், போதுமா? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வார.”

என் முன்னாலேயே எடுத்தாள். போனை மட்டும் கீழே வைக்கவில்லை. “ஏட்டி, தப்பா நெனைக்காத. சென்னையில ஒரு கம்பெனிக்காரங்க என் குரல மட்டும் தனியாக் கேக்கணும்ங்காவ. உன் குரல எடுத்துட்டு ஆறையும் எனக்கு அனுப்பேன்.”

“கேட்டது அவங்களா, நீயா?”

“ரெண்டும்தான்னு வச்சுக்கோயேன்” என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஒவ்வொரு குரலும் கோப்பில் தனித்தனியாகத்தான் இருக்கும். என்னுடையதை நிறுத்துவது ஒரு பொத்தான் வேலை. நிறுத்திவிட்டு ஆறையும் வரிசையாகக் கேட்டேன். பெயர் தெரியாத அந்த ஆள் சொன்னது ஐந்து பாட்டுக்குச் சரி. அவள் குரல் பளிச்சென்று நின்றது; நான்தான் நடுவில் புகுந்து மறைத்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கே வேறொருவர் தேவைப்பட்டிருக்கிறார் என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆறாவது பாட்டு அப்படியில்லை. அதில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவள் மூச்சு வாங்குவாள். அந்த இடத்தில் வரியைப் பிடித்துக்கொள்வது என் குரல். அதை எடுத்ததும் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கீபோர்டை வைத்து நிரப்பியிருக்கலாம், பத்து நிமிட வேலை. செய்யவில்லை.

ஐந்தை அனுப்பினேன். ஆறாவது இரண்டு பேர் பாடினால்தான் நிற்கும் என்று கீழே எழுதினேன். அவள் சண்டைக்கு வருவாள், அந்தப் பாட்டு இல்லாமல் எப்படி என்று கேட்பாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாட்டைக்கூடக் கேட்டு முடித்திருக்க முடியாது. அதற்குள் பதில் வந்துவிட்டது.

“அஞ்சு போதும்ட்டி.”