தண்ணீர் படாத கைக்குட்டை

கிரிக்கெட் அணியின் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பது அந்தச் சலவைக்காரருக்கு இருபது வருட வேலை. பாக்கெட்டில் எந்தத் துணி கிடந்தாலும் துவைத்துத் தேய்த்து, எடுத்த பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துவிடுவார். “அசந்தா என்னையும் மடிச்சு வச்சிடுவீங்க” என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அவரையும் அழைத்துக்கொண்டு வெளிநாடு போன அணி, பதினான்கு ஆட்டங்கள் ஆடி, ஒன்றில்கூடத் தோற்காமல் திரும்பியது. பாராட்டு விழாவில் கேப்டன் ஒரு சிவப்புக் கைக்குட்டையை உயர்த்திக் காட்டினார்.

“ஜெயிக்க வச்சது இந்த ராசிக் கைக்குட்டைதான். கிளம்பின நாள்லேர்ந்து இதுல சொட்டுத் தண்ணி படல!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்த சலவைக்காரர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஆனால் பக்கத்தில், காயம்பட்ட தோளில் கட்டோடு பந்து வீசி ஐம்பது விக்கெட் எடுத்தவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

சலவைக்காரர் எழுந்துவிட்டார்.

“மன்னிக்கணும் கேப்டன். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் அதை நான் சோப்புப் போட்டுத் துவைச்சேனே!”

கேப்டன் கைக்குட்டையை மோந்து பார்த்தார், சோப்பு வாசம் அடித்தது.

பந்து வீச்சாளன் மெல்ல நிமிர்ந்தான். “அப்போ விக்கெட் எடுத்தது நான்தானா அண்ணே?”