செல்ஃபியில் தெரிந்த சாம்பிள் ஷூ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டேன். உடன் வேலை செய்யும் நஸ்ரீன் அக்கா அதைப் பார்த்துப் பதறினார்.

"இன்னாம்மா இது? பின்னாடி இருக்கிறது இன்னும் கடைக்கே வராத மாடல். வெளிய தெரிஞ்சா ஆர்டரே போய்டும்!"

பார்த்தவர்களில் என் சித்தப்பா மகனும் இருந்தான். வாணியம்பாடியில் வேறொரு ஷூ கம்பெனியில் வேலை செய்பவன். ஸ்டோரியை அழித்துவிட்டு, மேனேஜரிடம் நானே போய், அண்ணன் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"அவருக்கு போன் போடும்மா. ஸ்பீக்கர்ல."

போட்டேன். "ஷூவா? நான் எங்க பார்த்தேன்? உன் மூஞ்சி பாதி ஸ்கிரீனை அடைச்சிருந்துச்சே!" என்றான் அண்ணன். மேனேஜரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போதெல்லாம் கம்பெனிக்குள் நான் படமே எடுப்பதில்லை.