மெஜஸ்டிக்கில் ஓடிய ஊமைப் படம்

பம்பாயிலிருந்து வந்த வீடியோ கலைஞருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். கலையைக் காட்சிக்கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெங்களூரில் சிலருக்குக் காய்ச்சல் அடித்த காலம் அது. பேக்கரி, முடிதிருத்தும் கடை, பஸ் ஸ்டாண்ட் என்று அவருடைய படங்கள் ஓட டிவி பெட்டிகளை வைத்தோம். மல்லேஸ்வரத்துப் பேக்கரியில், “கிரிக்கெட் ஹாக்ரி மேடம்”, கிரிக்கெட் போடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி ரிமோட்டைக் கேட்டார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான் என்று எனக்குப் பட்டது. ஆனால் கலைஞர் இங்கிலீஷில் பேசிவிட்டால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

அவருக்கு நகரத்து முகங்கள் வேண்டியிருந்தன. ஈஜிபுராவில் ஓர் ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். வீட்டு வேலை செய்பவள். முதலில் மறுத்தாள். பிறகு டிவியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலும் வைப்போம் என்றேன்.

“எம் பொண்ணு ஹெப்பகோடில கம்பெனிக்குப் போய்ட்டிருந்தா மேடம். யாரோ பையன்கூடப் பேசறான்னு கரண்டியால அடிச்சிட்டேன். வீட்ட விட்டுப் போயி எட்டு மாசம் ஆவுது. எங்க இருந்தாலும் ஒரு நாளு மெஜஸ்டிக்ல எறங்கித்தானே ஆவணும்? டிவில நான் கூப்டா கேப்பா இல்ல?”

காணாமல் போனவர்களைப் பற்றி டிவியில் அறிவிப்பார்களே, இதையும் அப்படி நினைத்துவிட்டாள். இது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து போய்விடுவாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். கேட்பாள் என்றேன்.

கேமரா முன்னால் நாலு நிமிடம் பேசினாள். பெண்ணின் பெயர், உயரம், மூக்குத்தி, நெற்றித் தழும்பு எல்லாம் சொன்னாள். அடித்தது தப்பு, அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா என்றாள். ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். கலைஞர் உருகிப்போனார். பிறகு சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். அந்த முகம் போதும், பேச்சு அதைக் கெடுக்கிறது என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் நாளே நல்ல புடவை கட்டிக்கொண்டு மெஜஸ்டிக்குக்கு வந்துவிட்டாள். படம் ஒரு சுற்று ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் வெக்கச் சொல்லுங்க மேடம்.”

“மெஷின் கெட்டுப்போச்சும்மா,” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

“பரவால்ல. நானே சொல்றேன்.”

படம் மறுபடி தொடங்கியதும் பெட்டியின் பக்கத்தில் நின்று, திரையில் தன் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்து, உரக்கச் சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் அழைத்திருந்த விருந்தினர்கள் மட்டும் அரைவட்டமாக நின்று கேட்டார்கள். அவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முடிந்ததும் கை தட்டினார்கள். கலைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் வரச் சொல் என்றார். சொன்னேன்.

“கண்டிப்பா வரேன் மேடம். இத்தினி பேரு நின்னு கேக்கறாங்க. யாராச்சும் அவளப் பாத்திருப்பாங்க இல்ல?”

ஒரு வாரம் தினமும் வந்தாள். அதன் பிறகு பெட்டியை எடுத்துவிட்டோம். அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஈஜிபுரா வரை போகச் சோம்பலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்து மெஜஸ்டிக்கில் இறங்கினேன். பெட்டி இருந்த தூணருகில் அதே புடவையில் நின்று பெண்ணின் பெயர், உயரம், மூக்குத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க யாரும் நிற்கவில்லை. நான் ஏற வேண்டிய மல்லேஸ்வரம் பஸ் அந்தத் தூணருகில்தான் வரும். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோ பிடித்தேன்.