எதிர்காற்றில் ஒரு கை

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் மெல்ல எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் அல்ல, நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனாலும் இது நடந்தது, பட்டப்பகலில், சைக்கிளில் போகும்போது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

பாவூர்சத்திரத்தில் நாங்கள் நான்கு பேர் கூட்டாளிகள். சாரல் விழத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி, குற்றாலத்தில் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவோம். போகும்போது முழுக்க எதிர்காற்று, செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆளையே பின்னால் தள்ளும். நான் நோஞ்சான். அதனால் செல்லையா என் வலப்பக்கம் ஒட்டி வந்து, ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இடது கையை என் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவான்.

"ஏலே பரமா, காலையாவது ஆட்டுலே. கல்யாண மாப்பிள்ளை மாதிரில்லா உக்காந்து வருத" என்பான்.

எனக்கு வாய்விட்டுப் பேச வராது. அந்தக் கை இருந்தவரை பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். சீனச் சண்டை வந்தது, முடிந்தது, அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெருவில் அவன் அம்மா என்னைப் பார்த்தால், "உனக்காவது ஏதும் எழுதுனானாய்யா?" என்று கேட்பாள். இல்லையென்று தலையசைத்துவிட்டு வேகமாக மிதித்துப் போய்விடுவேன்.

அடுத்த சாரலுக்குப் போக எனக்கு மனமில்லை. மற்ற இருவரும், சுடலையும் தங்கதுரையும், விடவில்லை. பனங்காட்டுச் செம்மண், தென்காசியில் சிற்றாற்றுப் பாலம், அதைத் தாண்டினால் பச்சை வயல், இலஞ்சித் தென்னந்தோப்பு என்று ஒவ்வொன்றும் அவன் இல்லாமலே கடந்துபோனது. குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஏறுகிற மேட்டில் அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முகத்தில் சாரல் அடிக்கிறது, மிதிக்க முடியவில்லை, இறங்கிவிடலாம் என்று நினைத்தபோது என் முதுகில் கைவைத்து யாரோ தள்ளினார்கள்.

யாரோ என்ன யாரோ, எனக்குத் தெரியாதா. நான் மிதிப்பதற்கு ஏற்ப அழுத்தி, விட்டு, அழுத்தி, அதே தள்ளல். நனைந்த சட்டைக்கு மேல் உள்ளங்கையும் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தில் சைக்கிள் இல்லை, சக்கரச் சத்தம் இல்லை. பார்த்தால் போய்விடுவான் என்று நான் திரும்பவே இல்லை. செத்துப்போய்த்தான் வந்திருக்கிறானோ என்று பயந்தேன். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டானே என்றும் இருந்தது. மேடு முடிந்ததும் கை விலகியது.

மேலே நின்ற தங்கதுரை, "நாங்களே சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தோம், நீ என்னலே மோட்டார் கணக்கா ஏறிட்ட?" என்று சிரித்தான். அருவிக்குள் நின்று அழுதேன், அங்கே அழுதால் யாருக்குத் தெரியும். அதன்பின் அவன் அம்மா இருக்கிற தெருப்பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

ஆனால் செல்லையா சாகவில்லை. அந்த வருஷம் மழைக்காலம் முடிந்து வந்து இறங்கினான். வடக்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்திருக்கிறான், விரல்கள் போனதை வீட்டுக்கு எழுத மனம் வரவில்லையாம். இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. மற்றவை பனியில் கருகி, சண்டை நடந்த அந்தக் குளிர்காலத்திலேயே, அதாவது நான் மேடு ஏறியதற்கு எத்தனையோ மாதம் முன்னாலேயே, எடுத்துவிட்டார்கள்.

"வலிக்கா?" என்றேன். வேறொன்றும் கேட்க வரவில்லை.

"வலி இல்லலே. ஆனா ஒண்ணு, சொன்னா சிரிப்ப. ஆஸ்பத்திரியில சும்மா படுத்திருக்கேன், இந்த இல்லாத வெரல் எல்லாம் ஒரு நாள் சொதசொதன்னு நனஞ்சுபோச்சு. அங்கன மழையே கெடையாது."

அது எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மேட்டில் நடந்ததை இன்றுவரை அவனிடம் சொல்லவும் இல்லை.

இப்போது நாங்கள் குற்றாலத்துக்கு பஸ்ஸில்தான் போகிறோம். சாரல் தொடங்கிவிட்டால், பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே, தன்னை அறியாமல், அவன் அந்த இடது கையை மடியில் வைத்து, இல்லாத விரல்களை ஒவ்வொன்றாக வேட்டியில் துடைத்துக்கொள்கிறான்.