ஈரத்தோடு சுருட்டிய வைக்கோல்

எங்கள் டிராக்டருக்குக் கிட்டத்தட்ட என் வயது. செல்ஃப் மோட்டார் செத்து மூன்று வருஷமாகிறது. ராஜபாளையத்து மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அதனால் கண்மாய்க்கரை இறக்கத்தில்தான் நிறுத்துவேன். உருட்டிவிட்டால்தான் உயிர் வரும். ஒருமுறை கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அணைக்கவே மாட்டேன்.

போன அறுப்பு முடிந்து, சுந்தரபாண்டியத்து வயலில் வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. முந்தின நாள் தூறல் விழுந்திருந்தது. கான்சாபுரத்திலிருந்து வைக்கோல் சுருட்டும் மெஷினை ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தேன். நாலு பேர் தள்ளி, மூன்றாவது தடவையில் டிராக்டர் கிளம்பியது. மெஷினை மாட்டினேன்.

மனைவி ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பார்த்தாள். “ஏங்க, அடியில ஈரமா இருக்கு. செத்த நேரம் வெயில் ஏறட்டும். வண்டிய அமத்துங்க.”

“ஏட்டி, அமத்தினா பொறவு எவன் வந்து தள்ளுவான்? ஒங்கய்யாவா வருவாரு?”

சும்மா உறுமவிட்டு டீசலைக் குடிக்கவைக்கவும் மனசில்லை. சுருட்டினேன். உருளை உருளையாக விழுந்ததைப் பார்க்க எனக்கு ஒரே திமிர். அம்புட்டையும் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் நெருக்கி அடுக்கினேன்.

தொழுவத்தில் இருந்தது ஒரே மாடு. கன்றிலிருந்து அவள் வளர்த்தது. தலைச்சன் சினை, ஆறு மாதம். அந்தக் கன்றுக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஓர் உருளையை அறுத்தேன். உள்ளே கொதித்தது. வெள்ளைத் தூசி மூக்கில் ஏறி இருமினேன்.

“மாட்டுக்கு வேண்டாம்ங்க. எருக்குழியில தள்ளிருவோம்.”

“எல்லாத்தையும் குழியில தள்ளிட்டு மாட்டுக்கு என்னத்தப் போடுவ? ஒன் சேலையவா?” என்று கத்தினேன். உதறிக் காயவைத்து நானே போட்டேன். நன்றாகத்தான் தின்றது, பாவம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் சினை கலைந்து கன்று விழுந்துவிட்டது. ரோமம்கூட முழுதாக முளைக்கவில்லை. உயிரில்லாத அதை மாடு நக்கிக்கொண்டே நின்றது. ஐயோ, அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “பூசணம் பிடிச்ச வைக்கோல் எதுவும் போட்டீகளா?”



“இல்ல சார். நல்ல வைக்கோல்தான்” என்றாள் அவள், என்னைப் பார்க்காமலேயே.

நாலு பேர் முன்னால் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. நான் வைக்கோலோடு தொழுவத்துக்குப் போனால் மட்டும், என் கையிலிருந்து வாங்கி, மோந்துபார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குப் போடுகிறாள்.