மலையேறாத கணினி

என் பேத்தியின் சிறுவயதில் நடந்த ஒரு காரியத்தை இத்தனை நாளும் பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறேன். அவளுக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்ற கேள்வி வந்தபோது நான்தான் தீர ஆராய்ந்து முடிவு சொன்னேன் என்று. ஆராய்ந்தது உண்மைதான். மிச்சத்தையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவள் ஏழாம் வகுப்பு. மகனும் மருமகளும் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தார்கள். அங்கேயே தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் குடியிருப்பு. பேத்தி மலையடிவாரத்தில், போடியில் என்னோடு இருந்து படித்தாள். சனிக்கிழமை விடிந்தும் விடியாமல், காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி அம்மாவிடம் போய்விடுவாள். ஞாயிறு சாயங்காலம் ஏலக்காய் வாசனையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் நான் ஒருவன்தான். வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியாராகப் பிள்ளைகளின் கூச்சலுக்குள் இருந்தவனுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை.

கேம் விளையாட நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் மருமகள் மனமிறங்கினாள். எதை வாங்குவது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள். பேத்திக்கு லேப்டாப் மேல்தான் கண். பையில் போட்டு மலைக்கும் கொண்டு போகலாம், அம்மாவுக்கும் விளையாடிக் காட்டலாம்.

நான் நான்கு நாள் படித்தேன். நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். ஐந்தாம் நாள் அவளை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். லேப்டாப் சீக்கிரம் சூடாகும். அதே விலைக்கு டெஸ்க்டாப்பில் வேகம் கூடுதல். திரை பெரிது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மலைமேல் மழைக்காலத்தில் தீப்பெட்டியே நமுத்துப்போகிறது, லேப்டாப் என்ன ஆகும்?

"அப்ப அதை மலைக்கு எப்படித் தாத்தா கொண்டு போறது?"

"மலைக்கு எதுக்குத்தா? அங்க போனா அம்மாகூட இருக்கணும். அங்கயும் போயி கேம் ஆடுவியா?"

எவ்வளவு நல்ல தாத்தா! நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் என் காரணம் அந்த நோட்டில் இல்லை. ஜீப்பில் ஏற்ற முடியாத ஒன்று வீட்டில் இருந்தால், பிள்ளையும் அதோடு வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் என் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. டெஸ்க்டாப் வந்தது, கறுப்புப் பெட்டிக்குள் திருவிழாப் பந்தல் மாதிரி கலர் விளக்குகள் ஓடின. அந்தச் சனிக்கிழமை அவள் படுக்கையிலிருந்தே, "இந்த வாரம் போகல தாத்தா" என்றாள். நான் போய்க் கறி எடுத்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. மேலே ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மருமகள் போன் செய்தாள். "என்ன மாமா, ஜீப்புல பிள்ளையைக் காணோம்?"

"பரீட்சை வருதும்மா. விழுந்து விழுந்து படிக்கிறா."

என் முதுகுக்குப் பின்னால் அறைக்குள்ளே கார்கள் மோதி நொறுங்கின. காலால் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் சனிக்கிழமை காலை மருமகளே கீழே வந்துவிட்டாள். காய் எடுக்கும் நேரம். ஒரு நாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். எப்படியோ கேட்டு வாங்கி, அவித்த கப்பைக்கிழங்கைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மகளைத் திட்டவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் மலைப்பாதையில் ஒரு சிவப்புக் கார் பறந்துகொண்டிருந்தது. கொண்டைஊசி வளைவில் பேத்தி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"பிரேக்கப் போடுடி! ஏய், பிரேக்கு!" மருமகள் தரையைக் காலால் மிதித்தாள். கார் பள்ளத்தில் விழுந்தது. "நம்ம ஜீப்பு டிரைவர் மட்டும் இதைப் பாத்தா உன்னைய வண்டியிலயே ஏத்த மாட்டாரு. தள்ளு, கொண்டா இங்க."

எந்தப் பொத்தானை அமுக்குவது என்று பேத்தி காட்டிக்கொடுத்தாள். மருமகள் மாட்டுவண்டி வேகத்தில், ஒவ்வொரு வளைவிலும் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, காரைப் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாள். பந்தயத்தில் கடைசியாக வந்தாள். அம்மாவும் பிள்ளையும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபடி மருமகள் கேட்டாள், "பரீட்சை எப்படிடி எழுதுன?"

"எந்தப் பரீட்சை?"

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கறுப்புப் பெட்டிக்குள் ஓடும் விளக்குகளைப் பார்த்தேன். நன்றாகப் புரிந்துகொண்டாள் என்பது அவள் குரல் தணிந்ததிலேயே தெரிந்தது.

"அடுத்த வாரம் நீங்களும் இவகூட ஜீப்புல ஏறி வந்துருங்க மாமா. இங்க தனியா உக்காந்து என்ன செய்யப் போறீங்க?"

என் நான்கு நாள் ஆராய்ச்சியில் இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டால்தானே போக முடியும் என்று இருந்துவிட்டேன். வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்காமல் ஒரு தாயைக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிள்ளை முகம் பார்க்கவிடாமல் செய்தேன். சரியென்று தலையாட்டினேன்.

பேத்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கவலையோடு கேட்டாள்:

"ரெண்டு பேரும் போயிட்டா, கம்ப்யூட்டர் தனியா இருக்குமே தாத்தா?"